பின்கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்

மக்களே,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து, போனைத் தூரத்தில் வைத்துவிட்டுப் படி. படித்து முடிப்பதற்குள் என்னைக் கூப்பிடாதே, கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன். எடுத்தால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான் சொன்னேன்.

போனில் பேசுகிற விஷயமும் இல்லை இது. எப்போது கூப்பிட்டாலும் நீ கம்பெனிக் காரில் இருப்பாய், ஸ்பீக்கரில் போட்டிருப்பாய், உன் மேனேஜர் குறுக்கே வந்து "அம்மா, மூட்டு எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். நல்ல மனிதர். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் எதைச் சொல்வது? நேரில் வந்து சொல்லலாம் என்றால், இந்த மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் ராஜ்யம் கட்டிலில் தொடங்கிப் பின்வாசலில் முடிந்துவிடுகிறது. தக்கலையில் போய் பஸ் ஏறவேண்டுமென்றால் என்னை நாலு பேர் தூக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நீ சாப்பிட வருவாய்தான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் திறக்காது. அதனால் எழுதுகிறேன். நீ கிளம்பும்போது மரச்சீனிக் கிழங்கு போட்டுத் தருகிற பையின் அடியில் இதையும் வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கிழங்கை அவித்துத் தின்றுவிடுவாய் என்ற நம்பிக்கைதான்.

செவ்வாய்க்கிழமை எவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிட்டாய்! "அம்மா, ஒரு காரியம் கேட்டியளா? நீங்க வேலை பாத்த படகுத்துறை இப்ப எங்க கைக்குத்தான் வந்திருக்கு. பழைய ரிஜிஸ்டரு கிடைச்சிட்டு. பூரா உங்க எழுத்து. அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றாய். பிறகு நீயே எல்லாம் சொன்னாய். படகுத்துறைக்கு அடியில் அங்கங்கே பெயர்ந்திருக்கிறது. அதையெல்லாம் பூசிச் சரிசெய்து, ஆட்கள் ஏறி நிற்கத் தகுதியானது என்று வெள்ளிக்கிழமை சான்று கொடுக்க வேண்டும். மறுநாள் அந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம். இந்த வருஷம் கடைசி நாளில் புனிதரின் சொரூபத்தைப் படகுத்துறையின் நுனிவரை எடுத்துக்கொண்டு போய் வள்ளங்களை ஆசீர்வதிக்கப் போகிறார்கள். ஊரே அங்கே நிற்கும்.

கரைப்பக்கம் நாலு இடத்தில் துளைபோட்டுக் கான்கிரீட்டை உருளையாக எடுத்துச் சோதித்தாய். நாலும் நன்றாக இருந்தது. கடல் பக்கம் அலை அதிகம், வள்ளத்தில் நின்றுகொண்டு துளைபோடுவது சிரமம், அதனால் எடுக்கவில்லை. "ரிஜிஸ்டர்ல எல்லாக் கண்ணுக்கும் ஒரே கலவை, ஒரே டேங்கர் வெள்ளம்ணு எழுதியிருக்கிய. அம்மைக்க எழுத்து இருக்கும்ப எனக்கு வேற என்ன டெஸ்ட்டு? சரிதானே அம்மா?" என்று கேட்டாய்.

"எழுதினது எழுதினபடிதான் மக்களே" என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்து அடங்கி, பிறகு கருகியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது பொய். இரண்டு தூண் வரிசைக்கு நடுவில் இருக்கிற பாகத்தை நாங்கள் கண் என்போம். உங்கள் படிப்பில் வேறு பெயர் இருக்கும். அந்தப் படகுத்துறையில் கடல் பக்கத்துக் கடைசி மூன்று கண்ணுக்கும் நான் விட்டது டேங்கர் தண்ணீர் இல்லை. உப்புத் தண்ணீர். எனக்குத் தெரிந்து, என் நாக்கால் ருசி பார்த்து, நானே சொல்லி விட்டது.

அன்றைக்கு நீ என் வயிற்றில் ஏழு மாதம். உன் அப்பா மஸ்கட்டில் இருந்தார். அரசாங்கத் துறையில் ஓவர்சியராக நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கடற்கரை வேலைக்கு ஒரு பெண் ஓவர்சியரை அனுப்பியதே பெரிய பேச்சாக இருந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு சாரத்தில் ஏறி நின்றால், சட்டி சுமக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு "எக்கா, பைய எறங்குங்க, பைய" என்று கத்துவார்கள். தங்கையன் மேஸ்திரி மட்டும்தான் என்னை ஓவர்சியராகவே நடத்தினார். தப்பாகச் சொன்னால் முகத்துக்கு நேரே தப்பு என்பார். அதனால் அவரை எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் பயமும் உண்டு.

அந்த மூன்று கண்ணையும் போட்டது இதே திருவிழாவின்போதுதான். திருவிழா நாளில் யாராவது கான்கிரீட் போடுவார்களா என்று நீ கேட்பாய். அந்த ஊரில் அன்றைக்குத்தான் போட முடியும். மற்ற நாளெல்லாம் வள்ளங்கள் வரும், எங்கள் சாரத்திலேயே கயிற்றைக் கட்டுவார்கள், மீனை எங்கள் பலகையிலேயே கொட்டுவார்கள். திருவிழாவில் ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள். வள்ளம் எல்லாம் மணலில் ஏறிவிடும். அதனால் நுனியில் இருந்த மூன்று கண்ணையும், ஊருக்கே சோறு போடுகிற அசன நாளன்று ஒரே மூச்சாகப் போட்டுவிடுவது என்று முடிவு. அடியில் இருக்கிற உத்திரங்கள் தாழ்வானவை. கடல் வற்றியிருக்கும்போது தொடங்கி, ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஊர்க் கிணறெல்லாம் உவர் ஏறிக் கிடந்ததால் இரண்டு வண்டி ஆற்றுத் தண்ணீருக்குச் சொல்லியிருந்தோம். காலையில் முதல் வண்டி வந்தது. சோதனைக்கு அனுப்புகிற கட்டிகளை அந்தத் தண்ணீரில் கலந்ததில்தான் அச்சில் வார்த்தேன். ஆறு கட்டியும் பிறகு அருமையாகத் தேறின. தேறாமல் என்ன?

இரண்டாவது வண்டி பத்து மணிக்கு ஊருக்குள் வந்தது. கோயில் முற்றத்திலேயே அதை நிறுத்திவிட்டு ஒருவர் மணலில் ஓடி வந்தார். ஊர் கமிட்டிக்காரர் மரியதாஸ். ஆமாம், உன் நெய்மீன் மாமாதான். அப்போதுதான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார்.

"அம்மா, ஒரு உபகாரம் செய்யணும். அசனத்துக்குச் சொன்ன வெள்ள வண்டி வழியில பழுதாயிட்டு. அரிசி அளந்து வச்சாச்சு, அடுப்பும் பத்த வச்சாச்சு, உலைக்கு வெள்ளம் இல்ல. ஊரு பூரா வந்து இருக்கு. இந்த வண்டிய எங்களுக்குத் தாங்க. ஒரு மணிக்கூறுல வேற வண்டி கொண்டாந்து உங்களுக்கு நிறுத்துதேன்."

கொடுத்துவிட்டேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை, மக்களே. பசியோடு இருக்கிற ஊரில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கான்கிரீட் போடுகிற அளவுக்கு எனக்கு நெஞ்சு வராது. என் தப்பு அதற்குப் பிறகு தொடங்கியது. ஒரு மணிக்கூறு இரண்டாயிற்று. வேறு வண்டி வரவில்லை. மூன்று கண்ணிலும் உத்திரம் பாதிப் பாதி போட்டாயிற்று, மீதிக்குக் கலவை இல்லை, வெயில் கொளுத்துகிறது, கடல் ஏறத் தொடங்கிவிட்டது. தங்கையன் மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"ஓவர்சியரம்மா, இப்படியே விட்டா போட்டது இறுகிரும், பாதியில வெட்டு விழும், பெறவு போடுதது ஒட்டாது. மணலுல ஊத்து தோண்டவா?"

தோண்டினார். இடுப்பளவு ஆழத்தில் தண்ணீர் ஊறியது. தெளிவாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டேன்.

"கொஞ்சம் கரிக்குது" என்றேன்.

"கொஞ்சமா?" என்று கேட்டார் மேஸ்திரி. அவரும் ருசி பார்த்திருந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு "போடுங்க" என்றேன்.

"நீங்க சொன்னா போடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை எத்தனையோ முறை திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அதில் கோபம் இல்லை. யார் சொன்னது என்பதை மட்டும் அவர் அந்த இடத்திலேயே தெளிவாக்கிவிட்டார்.

நான் செய்திருக்க வேண்டியது வேறு. வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். பாதி போட்டதை மறுநாள் உடைத்து எடுத்துவிட்டு மறுபடி போட்டிருக்க வேண்டும். அதற்கு மேலதிகாரிக்கு எழுத வேண்டும், வண்டி ஏன் கோயிலுக்குப் போனது என்று விளக்கம் சொல்ல வேண்டும். பெண்ணை அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்று நாலு பேர் சொல்வார்கள். வேலையும் போகலாம். ஏழு மாத வயிற்றோடு நிற்கும்போது வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு உப்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. எல்லாம் முடிந்த பிறகு மரியதாஸ் ஒரு பெரிய இலையில் அசனச் சோற்றை எடுத்துக்கொண்டு தானே வந்தார். "வயித்துப் பிள்ளைக்கும் சேத்துத் தின்னுங்க" என்றார். ஒரு தடவை தின்றுவிட்டு, இன்னொரு தடவையும் கேட்டு வாங்கித் தின்றேன். அவ்வளவு பசி. அன்றைக்குச் சாயங்காலம் ரிஜிஸ்டரில், அச்சடித்த மாதிரி என்று நீ மெச்சிய அதே எழுத்தில், மூன்று கண்ணுக்கும் டேங்கர் தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கலவை கொஞ்சம் மீந்தது. காலி அச்சு ஒன்று கிடந்தது. என்ன நினைத்தேனோ தெரியவில்லை, அந்த ஊற்றுத் தண்ணீர்க் கலவையை அதில் நிரப்பினேன். இதையும் சோதனைக்கு அனுப்பிவிடலாம், தேறாவிட்டால் தானாகவே உண்மை வெளியே வந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டாம் என்று ஒரு கோழைத்தனமான யோசனை இருந்திருக்கும். தங்கையன் மேஸ்திரி ஒரு துண்டுக் கம்பியை வளைத்து அதில் செருகினார். "வயித்தையும் வச்சிட்டு எப்படித் தூக்குவிய? பிடிச்சுக்க ஒரு பிடி இருக்கட்டு" என்றார். கடைசியில் நான் அதை அனுப்பவில்லை. ஜீப்பில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதுதான் நம் பின்கதவுக்கு முட்டுக்கொடுத்த கல். நீ அதன்மேல் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டப் பழகினாய்.

இனி உனக்குத் தெரிந்ததையே நான் சொல்லப் போகிறேன்; பொறுத்துக்கொள். நீ புத்தகத்தில் படித்தாய், நான் அதோடு ஒரே வீட்டில் குடியிருந்தேன். கான்கிரீட் கம்பியைக் காப்பாற்றுவது மூடி வைத்திருப்பதால் மட்டும் இல்லை. சிமெண்டில் இருக்கிற காரம் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை உண்டாக்கி வைக்கிறது. அந்தத் தோல் இருக்கிறவரை ஈரம் வந்தாலும் காற்று வந்தாலும் துரு பிடிக்காது. உப்பு அந்தத் தோலை அரித்துவிடும். வெளியிலிருந்து வருகிற உப்பு என்றால், கம்பிக்கு மேலே இருக்கிற கான்கிரீட்டைக் கடந்து உள்ளே போக வருஷக்கணக்காகும். மூடியிருக்கிற கனம் கூடக்கூட அவ்வளவு காலம் பிழைக்கும். கரைப்பக்கத்துக் கண்கள் அப்படித்தான் பிழைத்திருக்கின்றன, உன் துளைகளில் நீ பார்த்தது அதைத்தான். கடைசி மூன்று கண்ணில் உப்பு எங்கிருந்தும் வரவேண்டியதில்லை. முதல் நாளே கம்பியோடு சேர்த்து உள்ளே வைத்து நான் பூட்டிவிட்டேன்.

துரு பிடித்த கம்பி மெலியும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மெலிகிறது, ஆனால் அதற்கு முன்னால் வீங்குகிறது. ஒரு பங்கு இரும்பு துருவானால் அதுபோலப் பல பங்கு இடம் கேட்கும். நாலு பக்கமும் இறுகிக் கிடக்கிற கான்கிரீட்டுக்குள் இடத்துக்கு எங்கே போகும்? நெம்புகிறது. கம்பி போகிற வழியிலேயே நேர்க்கோடாக விரிசல் விழுகிறது. அந்த விரிசல் வழியாக இன்னும் காற்றும் ஈரமும் வருகிறது, துரு வேகமெடுக்கிறது, ஒருநாள் அடிப்பக்கம் பாளமாகப் பெயர்ந்து கடலில் விழுகிறது. தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற பாகம் அவ்வளவு சீக்கிரம் போகாது, அங்கே காற்றுக்குப் பஞ்சம். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற இடம்தான் முதலில் போகும். நம் உத்திரங்கள் இருப்பது சரியாக அந்த இடத்தில். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. தளம் வழுவழுவென்று இருக்கும், அதன்மேல் பிள்ளைகள் ஓடும். நீ எதைப் பரிசோதித்தாலும் அடியில் போய்ப் பார்த்துவிட்டு எழுது. எனக்கு இதைச் சொல்லும் யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு நாள், ஆனி மாத மழையில், பின்வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, கல்லு கீறிட்டு, இஞ்ச பாருங்க" என்று கூப்பிட்டாய். வந்து பார்த்தேன். அந்தக் கல்லில் கம்பி இருந்த இடத்தைப் பிடித்து மேலிருந்து கீழே ஒரு விரிசல். அதிலிருந்து சாயத் தண்ணீர் மாதிரி பழுப்பாக வடிந்திருந்தது. உன் கையில் அப்பாவின் சுத்தியல் இருந்தது, புளியங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாய். நான் உன்னை அறைந்தேன். "சுத்தியல வச்சு அடிச்சியா? ஏம்ல உடைச்சே?" என்று கேட்டுக்கொண்டே இன்னொன்றும் அறைந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "நான் உடைக்கல்ல, நான் உடைக்கல்ல" என்று மூன்று தடவை சொன்னாய். எனக்குத் தெரியும் நீ உடைக்கவில்லை என்று. பார்த்த உடனேயே தெரியும். சுத்தியலால் அடித்த கல் அப்படி நேர்க்கோடாகக் கீறாது, அதில் துரு வடியாது. அங்கே, கடலில், மூன்று கண்ணும் இதே கோட்டில் கீறத் தொடங்கிவிட்டது என்பதை அந்த நிமிஷம் அறிந்தேன். அந்தப் பயம் முழுவதும் என் கைக்கு வந்து உன் கன்னத்தில் இறங்கியது.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனேன். மரியதாஸ் தன் வள்ளத்தில் என்னை ஏற்றி அடியில் கொண்டு போனார். கரைப்பக்கம் சுத்தமாக இருந்தது. கடைசி மூன்று கண்ணில் மட்டும் உத்திரங்களின் அடியில் பழுப்புக் கோடு. மரியதாஸ் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கடலுக்க பக்கத்துல இருந்தா இப்படித்தானே அம்மா?" என்றார். நான் ஆமாம் என்றேன். "எங்க ஊருக்கு அசனத்துக்கு வெள்ளம் தந்தவ நீங்க. அத நாங்க மறக்கமாட்டோம்" என்றார். ஒவ்வொரு திருவிழா முடிந்ததும் நெய்மீனோடு நம் வீட்டு வாசலில் அவர் வந்து நிற்பது அதற்காகத்தான். நீங்களெல்லாம் ருசித்துச் சாப்பிடுவீர்கள். எனக்கு முள் இல்லாத துண்டிலும் முள் குத்தும்.

அதற்குப் பிறகு துறையிலிருந்து ஒரு தடவை பூச்சு வேலை நடந்தது. பெயர்ந்த இடத்தைக் கொத்தி, புதுச் சிமெண்டால் அடைத்து, வெள்ளையடித்தார்கள். நான் அப்போது வேறு பிரிவில் இருந்தேன், கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து, அடைத்த இடம் அப்படியே இருந்தது, அதற்குப் பக்கத்தில் பெயர்ந்தது. உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டுக்கு நடுவில் உப்பில்லாத புதியதை வைத்தால், பக்கத்தில் இருக்கிற கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். புதிய இடத்தைக் காப்பாற்றுவதற்காகப் பழைய இடம் சாகும். உன் கம்பெனி இப்போது செய்யப்போவதும் அதே பூச்சுதான், இன்னும் விலையுயர்ந்த சிமெண்டில். அந்த மூன்று கண்ணும் பூச்சைத் தாண்டிவிட்டது, மக்களே. இடிக்க வேண்டும்.

செவ்வாயிலிருந்து இந்த அறைக்குள் கிடந்து எல்லா வழியையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். மரியதாஸைக் கூப்பிட்டு, சொரூபத்தை நுனிக்குக் கொண்டு போகாதீர்கள் என்று மட்டும் சொல்லலாமா? ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், அன்றைக்கு அந்த வண்டியைக் கேட்டது தான்தான் என்று அவர் உயிருள்ளவரை தன்னை நொந்துகொள்வார். துறைக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதலாமா? வெள்ளிக்கிழமைக்குள் யார் அதைப் பிரிப்பார்கள்? உனக்கு ஏதாவது சாக்குச் சொல்லி இந்த வேலையிலிருந்து விலகச் சொல்லலாமா? வேறொருவன் வந்து அதே ரிஜிஸ்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவான். எனக்கு நெஞ்சுவலி என்று உன்னை ஒரு வாரம் இங்கேயே கட்டிப்போடலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கமில்லாமல். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ரிஜிஸ்டர் குறுக்கே நிற்கிறது. அதில் இருக்கிறது என் எழுத்து. நான் பேசாமல் இருந்தால் இனி அதன் கீழே உன் எழுத்தும் சேரும். திருவிழாவின் கடைசி நாளில் சொரூபத்தைத் தாங்குகிற முன்வரிசையில் மரியதாஸ் இருப்பார், அவருக்குப் பின்னால் பேரப்பிள்ளைகளோடு அந்த ஊர் இருக்கும், அத்தனை பேருக்கும் அடியில் நான் பூட்டி வைத்த உப்பு இருக்கும்.

உனக்கும் நான் நல்ல வழி எதையும் விட்டு வைக்கவில்லை என்பது தெரியும். உண்மையைச் சொன்னால் படகுத்துறையை மூடுவார்கள். மீன் இறக்க இடமில்லாமல் அந்த ஊர் உன்னைத்தான் திட்டும். கம்பெனியில் உன்னை ஒருமாதிரி பார்ப்பார்கள். உன் அம்மாவின் பெயர் பேப்பரில் வரலாம், சர்ச்சில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள், என் பென்ஷனுக்கும் ஏதாவது வரலாம். இதையெல்லாம் யோசித்து என்னைக் காப்பாற்ற நினைக்காதே. நான் என் வேலையைக் காப்பாற்ற நினைத்த அந்த ஒரு பகல்தான் இத்தனை வருஷமாக நீண்டுகொண்டு போகிறது. நீயும் அதில் மாட்டிக்கொண்டால் உன் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டிவரும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் வள்ளம் பிடித்துக் கடைசிக் கண்ணில் துளைபோடு. அலை அதிகமென்றால் கடல் அடங்கும்வரை காத்திரு, திருவிழாவுக்காக அவசரப்படாதே. அவசரப்பட்டது நான் ஒருத்தி போதும். கடல் அடங்காமல் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால், என்னிடம் இருக்கிற கல்லே போதும். அது விரிசலோடு பல வருஷம் கதவைத் தாங்கிவிட்டுப் பிறகு இரண்டாகப் போனது. நீ குப்பையில் போடச் சொன்னாய், நான் போடவில்லை, துண்டுகளையே கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். இரண்டு துண்டையும் கம்பியோடு சாக்கில் கட்டிப் பின்வாசலில் வைத்திருக்கிறேன். இந்த மூட்டோடு எப்படிக் கட்டினேன் என்று மட்டும் கேட்காதே. சோதனைச் சாலையில் அதைப் பொடித்துப் பார்த்தால் உப்பு எவ்வளவு என்று ஒரே நாளில் சொல்லிவிடுவார்கள். இதோடு ஒரு தனித்தாளும் இருக்கிறது. எந்த மூன்று கண், எங்கே தோண்டிய தண்ணீர், யார் சொல்லிப் போட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தங்கையன் மேஸ்திரி இப்போது இல்லை. அவர்மேல் ஒரு சொல் விழக்கூடாது. மரியதாஸ் வண்டி கேட்டதை நீ எங்கேயும் எழுதாதே. தண்ணீர் தட்டுப்பாடு என்று எழுதினால் போதும். அவர்கள் உலை வைத்ததில் குற்றம் இல்லை. என் ரிஜிஸ்டரில்தான் குற்றம். தாளில் இருக்கிற எழுத்தையும் ரிஜிஸ்டர் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார், இப்போது கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் ஒரே கைதான்.

உன் மேனேஜர் இதெல்லாம் யார் தந்தது என்று கேட்பார். அம்மா தந்தார் என்று சொல். ஸ்பீக்கரில் போட்டே கேட்கச் சொல், இந்தத் தடவை பதில் சொல்கிறேன்.

சாக்கில் கட்டியதிலிருந்து பின்கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது, காற்று பலமாக இருக்கிறது. படுத்துக்கொண்டு அதைக் கேட்கிறேன். உன் கல்யாண வீட்டில் நீ சொன்னதுதான் ஞாபகம் வருகிறது. பெண் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருக்க, "எங்க அம்மா சும்மா அடிக்கமாட்டாவ. ஒரே ஒரு தடவைதான் அடிச்சாவ, அதும் நான் சுத்தியல வச்சு ஒரு கல்ல உடைச்சதுக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து வயதில் மூன்று தடவை மறுத்த நீ, நான் அடித்ததால் நான் சொன்னதையே நம்பி, வளர்ந்து, அதை உன் கதையாகவே ஆக்கிக்கொண்டாய். அன்றைக்கே அந்தப் பந்தலில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

அந்தக் கல்லை நீ உடைக்கவில்லை, மக்களே.

அம்மா